ஆறு புள்ளி போதும்

வரலாற்றுப் பக்கத்துக்கு ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னதும், யாராவது ஒரு பொறியாளரைப் பற்றி எழுதலாம்னுதான் முதலில் நினைத்தேன். நான் மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். எனக்குத் தெரிஞ்ச உலகம் அதுதான். கடைசியில் எழுத உட்கார்ந்தது கண் தெரியாத ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி. படித்து முடிச்சதும், இவரும் பொறியாளர்தானேன்னு நீங்களே சொல்வீங்க.

அதற்கு முன்னால் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முந்தைய ஆண்டு இறுதி முகாமுக்குப் பாட்டுப் புத்தகம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தேவாரம், பஜனைப் பாடல்கள், கடைசிப் பக்கத்தில் கலந்துகொள்ளும் பிள்ளைகள் எல்லாருடைய பெயரும். அறுபது பிரதி எடுத்து, ஸ்பைரல் போட்டு, முதல் நாள் காலையில் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தேன். எங்கள் வகுப்பில் பதினான்கு வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். பிறவியிலேயே பார்வை கிடையாது. அருமையான குரல். அவனிடம் வந்ததும், அவனைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். தாள் சத்தத்தை வைத்து அவன் கையை நீட்டினான். உனக்கு எதுக்குடா, ஒரு தடவை கேட்டாலே உனக்கு மனப்பாடம் ஆயிடுமே என்றேன். பாராட்டுகிறேன் என்றுதான் எனக்கு நினைப்பு.

தன் பேரும் அதில் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கு என்றேன். எங்கே என்றான். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவன் விரலைப் பிடித்துப் பெயர் இருந்த இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தான். வழவழப்பான தாள். அங்கே அவனுக்கு ஒன்றுமே இல்லை. சரிண்ணா என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை என்று எழுதினால் அது பொய். நல்லாத் தூங்கினேன். சில வாரம் கழித்து, பல்கலைக்கழக வகுப்பில் விரிவுரையாளர் பிட்டுகளைப் பற்றிப் பேசும்போது, ஆறு பிட் குறியீட்டுக்கு உதாரணமாகப் பிரெயில் எழுத்தைச் சொன்னார். அப்போதுதான் அந்த விரல் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்குப் போய் அந்த எழுத்தைக் கண்டுபிடித்தவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சேணப் பட்டறை

லூயி பிரெயில் 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டில் கூவ்ரே என்ற சிற்றூரில் பிறந்தார். பாரிஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம். அப்பா சிமோன் ரெனே குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்கிறவர். அம்மா பெயர் மோனிக். நான்கு பிள்ளைகளில் லூயிதான் கடைக்குட்டி.

1812-ல், லூயிக்கு மூன்று வயது இருக்கும்போது, அப்பாவின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தான். அப்பா செய்கிற மாதிரியே தோலில் ஓட்டை போடப் பார்த்தான். கையில் இருந்த கருவி வழுக்கி ஒரு கண்ணில் குத்திவிட்டது. நோய்க்கிருமி என்ற ஒன்று இருப்பதே மருத்துவத்துக்குத் தெரியாத காலம் அது. புண் சீழ்பிடித்து, தொற்று அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் பார்வை இல்லாத ஏழைப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காத்திருந்தது பிச்சைப் பாத்திரம்தான். லூயியின் அப்பா அம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை. அப்பா கைத்தடி செய்து கொடுத்து, மகன் ஊருக்குள் தானாக நடக்கப் பழக்கினார். வீட்டு வேலையில் அவனுக்கும் பங்கு உண்டு. ஊர்ப் பாதிரியார் பல்லுயி பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப் பள்ளி ஆசிரியர் பெஷரே அவனை மற்றப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் சேர்த்துக்கொண்டார். எல்லாரையும் சேர்த்துப் படிக்கவைப்பது பற்றி இன்றைக்கு நாம் மாநாடு போட்டுப் பேசுகிறோம். 1810-களில் ஒரு கிராமத்து வாத்தியார் அதைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார்.

லூயி கெட்டிக்காரன். காதால் கேட்டே வகுப்பில் முன்னுக்கு வந்தான். ஆனால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்ததும் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த வகுப்பில் அவனுக்கு இடம் இருந்தது, புத்தகம் இல்லை. எங்கள் முகாமில் அந்தத் தம்பிக்கு நடந்ததும் அதேதான்.

நல்ல மனசு மட்டும் போதுமா?

1819-ல், பத்து வயதில், லூயி பாரிஸில் இருந்த பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். ஈரம் ஊறிய பழைய கட்டடம். அங்கேயே தங்கிப் படிக்கணும். அந்தப் பள்ளியை 1785-ல் தொடங்கியவர் வாலன்டின் ஹாவி.

ஹாவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். 1771-ல் பாரிஸ் சந்தை ஒன்றில் அவர் ஒரு காட்சியைப் பார்த்தார். பார்வையற்ற சிலருக்குக் கோமாளி உடுப்பும் அட்டைக் கண்ணாடியும் மாட்டிவிட்டு, தாறுமாறாக வாத்தியம் வாசிக்கவைத்து, கூட்டம் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. ஹாவிக்கு மனசு பொறுக்கவில்லை. இவர்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பேன் என்று முடிவெடுத்து, பின்னால் சொன்னதைச் செய்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அவர் கண்டுபிடித்த முறை இதுதான்: ஈரத் தாளைப் பெரிய அச்செழுத்துகள் மேல் வைத்து அழுத்தினால், எழுத்து தாளில் புடைத்து நிற்கும். அதை விரலால் தடவிப் படிக்கணும். எழுத்து பெரிதாக இருந்தாக வேண்டும் என்பதால் புத்தகமும் பெரிது, கனமும் அதிகம், விலையும் அதிகம். ஒவ்வோர் எழுத்தையும் விரல் சுற்றிச் சுற்றி வந்து, இது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த எழுத்தைப் பிள்ளைகளால் எழுத முடியாது. அச்சுப் பட்டறையில் மற்றவர்கள் தயாரித்துக் கொடுப்பதைப் படிக்கலாம், அவ்வளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க, ஒரு குறிப்பு எடுக்க, நண்பனுக்கு ஒரு சீட்டு எழுத வழியில்லை.

ஹாவிக்கு நல்ல மனசு இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆனால் கண்ணுக்காகச் செய்யப்பட்ட எழுத்தை அப்படியே மேடாக்கினால் விரலுக்குப் போதும் என்று அவர் கண் அவருக்குச் சொன்னது. விரலிடம் கேட்கவில்லை.

பன்னிரண்டிலிருந்து ஆறு

1821-ல் அந்தப் பள்ளிக்கு ஒரு புது முறை வந்தது. சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி கண்டுபிடித்தது. கோடுகளே கிடையாது, முழுக்கப் புள்ளிகள். ஒரு வரிசைக்கு ஆறு என இரண்டு வரிசையில் பன்னிரண்டு புள்ளிகள் வரைக்கும் இருக்கும். ஒவ்வொரு கூட்டமும் ஓர் ஒலியைக் குறிக்கும். ஒரு குத்தூசியும், அதை வழிநடத்தும் சட்டமும் இருந்தால் பிள்ளைகளே எழுதலாம்.

லூயிக்கு அப்போது பன்னிரண்டு வயது. புள்ளியைத் தொட்டதுமே அவனுக்கு ஒன்று தெரிந்துவிட்டது: விரலின் மொழி கோடு இல்லை, புள்ளி. அதே சமயம் குறைகளும் தெரிந்தன. ஆறு புள்ளி உயரம் விரல் நுனியில் அடங்காது. மேலும் கீழும் தடவ வேண்டியிருக்கும். ஒலியை மட்டும் குறிப்பதால் எழுத்துக் கூட்டிச் சரியாக எழுத முடியாது. நிறுத்தக் குறி இல்லை, எண் இல்லை, இசைக்குறி இல்லை.

நம் வீட்டு வாசலில் அம்மா போடும் புள்ளிக் கோலத்தில் புள்ளி என்பது கோட்டுக்கு வழிகாட்டி மட்டும்தான். கோடுதான் கோலம். லூயி செய்தது நேர் எதிர். கோட்டை எடுத்துவிட்டுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டான். புள்ளிகளையும் பாதியாகக் குறைத்தான்.

மூன்று ஆண்டு இதே வேலை. பகலில் பாடம், இரவில் விடுதிக் கட்டிலில் புள்ளி. விடுமுறைக்குக் கூவ்ரே போனாலும் புள்ளி. 1824-ல் அவனுக்குப் பதினைந்து வயது ஆனபோது முறை ஏறக்குறைய தயார். நாம் மூன்றாம் படிவத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வயசு அது!

எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். ஆறு முட்டை வைக்கும் அட்டைப் பெட்டியை நினைச்சுக்கோங்க. இரண்டு நெட்டு வரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று குழி. ஒவ்வொரு குழியிலும் முட்டை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு வாய்ப்பு, ஆறு இடம். இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. எல்லாமே காலியாக இருப்பதை இடைவெளிக்கு வைத்துக்கொண்டால் மீதி 63 வடிவங்கள். கணினி உலகத்தில் இதைத்தான் ஆறு பிட் என்கிறோம். கணினி என்ற ஒன்று வருவதற்கு நூறு ஆண்டுக்கும் முன்னால் ஒரு பையன் அதை விரலால் கண்டுபிடித்திருக்கிறான்.

அதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. முதல் பத்து எழுத்துகளுக்கு மேலே உள்ள நான்கு புள்ளிகள் மட்டும் பயன்படும். அடுத்த பத்து எழுத்துகளுக்கு அதே பத்து வடிவங்கள், கீழே இடதுபக்கம் ஒரு புள்ளி கூடுதலாக. அதற்கடுத்த வரிசைக்குக் கீழே இரண்டு புள்ளிகளும். பத்தை மனப்பாடம் செய்தால் மற்றது தானாக வரும். எண்களுக்கும் அதே பத்து வடிவங்கள்தான், முன்னால் ஓர் அடையாளம் போட்டால் போதும். பரீட்சைக்கு வடிவமைப்புச் செய்யும் எங்களுக்கு விரிவுரையாளர் ஓயாமல் சொல்வது இதைத்தான்: குறைவாக வை, திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்து.

முக்கியமான விஷயம், ஆறு புள்ளியும் விரல் நுனிக்குள் ஒரே தொடுதலில் அடங்கிவிடும். எழுதும்போது தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பினால் முன்பக்கத்தில் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். குத்தும் கருவியைப் பார்த்தால் லூயியின் கண்ணைப் பறித்த கருவிக்குத் தம்பி மாதிரியே இருக்கும்.

1829-ல், இருபது வயதில், அவர் இந்த முறையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். சொற்கள் மட்டுமில்லை, இசையையும் எழுதும் முறை அதில் இருந்தது. வேடிக்கை என்னன்னா, அந்தப் புத்தகமே ஹாவி முறைப்படி புடைத்த பெரிய எழுத்தில்தான் அச்சானது. வேறு அச்சு அப்போது இல்லையே. தன் முறை பார்பியேயின் முறையைவிட எப்படி வசதியானது என்று விளக்கியவர், முதல் யோசனை அவரிடமிருந்து வந்ததுதான் என்பதையும் அதே புத்தகத்தில் மரியாதையோடு பதிவு செய்திருக்கிறார். 1837-ல் வந்த இரண்டாம் பதிப்பில், முதலில் சேர்த்திருந்த சின்னக் கோடுகளையும் நீக்கிவிட்டு முழுக்கப் புள்ளிக்கே மாறினார்.

ஆசிரியர், இசைக் கலைஞர், கடன் கொடுத்தவர்

படித்த பள்ளியிலேயே பிரெயில் ஆசிரியரானார். 1833-ல் முழுநேர ஆசிரியர் பதவி. வரலாறு, வடிவகணிதம், இயற்கணிதம் எல்லாம் கற்றுக்கொடுத்தார். செல்லோ வாசிப்பார். ஆர்கன் வாசிப்பில் பெரிய ஆள். 1834 முதல் சில ஆண்டுகள் பாரிஸில் ஒரு பெரிய தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராக இருந்தார்.

இன்னொரு பிரச்சினை அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளியில் எழுதினால் பார்வையற்ற நண்பர்கள் படிப்பார்கள். வீட்டில் இருக்கும் அம்மா எப்படிப் படிப்பார்? 1839-ல் அதற்கும் ஒரு வழி வெளியிட்டார். சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் அமைப்பது. பார்வை உள்ளவர் கண்ணால் படிக்கலாம், எழுதியவர் விரலால் சரிபார்க்கலாம். அந்தப் பள்ளியிலேயே படித்த பார்வையற்ற நண்பர் ஃபூக்கோ, அப்படி எழுத ஓர் இயந்திரமே செய்தார். பழைய காலத்துப் புள்ளி அச்சுப்பொறியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதே அடிப்படைதான்.

இவ்வளவு செய்தும் அவருடைய ஆறு புள்ளிக்குச் சொந்தப் பள்ளியிலேயே வரவேற்பு கிடைக்கவில்லை. ஆதரவாக இருந்த தலைமை இயக்குநர் பின்யே 1840-ல் பதவி இழந்தார். அடுத்து வந்த டுஃபோ புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார். பார்வையற்றோருக்குத் தனி எழுத்து இருந்தால் அவர்கள் மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோவார்கள் என்ற எண்ணம் அப்போது பலருக்கும் இருந்தது. எல்லாரும் ஒரே எழுத்தைப் படிப்பதுதான் ஒற்றுமையாம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒற்றுமைக்கு விலை கொடுத்தது ஒரு பக்கம் மட்டும்தான்.

தடை போட்டும் நடக்கவில்லை. பிள்ளைகள் ஒளித்து ஒளித்துப் புள்ளியில் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எழுதும் ருசியைக் கண்ட பிள்ளையிடம் இனிமேல் எழுதாதே என்றால் கேட்குமா? கடைசியில் உதவி இயக்குநர் குவாதே உண்மையைப் பார்த்துவிட்டு, டுஃபோவின் மனதை மாற்றினார். 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், வந்திருந்த எல்லார் முன்னிலையிலும் பிரெயில் முறையைப் பாராட்டி விளக்கினார்கள்.

அதற்குள் பிரெயிலின் உடல் தளர்ந்துவிட்டது. இருபதுகளின் நடுவிலேயே காசநோய் வந்திருந்தது. இருமலும் ரத்தமுமாகப் பல ஆண்டுகள். நடுநடுவே ஓய்வு, மறுபடி வகுப்பு. 1852 ஜனவரி 6-ஆம் தேதி, 43-வது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், காலமானார். திறக்காமல் எரித்துவிடச் சொல்லி ஒரு பெட்டி வைத்திருந்தார். நண்பர்கள் திறந்து பார்த்தார்கள். அவரிடம் மாணவர்களும் மற்றவர்களும் கடன் வாங்கிய சீட்டுகள். யாரும் திருப்பித் தர வேண்டாம் என்பதுதான் அந்தப் பெட்டியின் அர்த்தம்.

அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1854-ல்தான் அவர் முறைக்கு அதிகாரபூர்வ இடம் கிடைத்தது. 1878-ல் பாரிஸில் நடந்த அனைத்துலக மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. 1952-ல், நூறாவது நினைவாண்டில், பிரெஞ்சு நாடு தன் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவர் உடலைக் கொண்டுபோனது. கூவ்ரே ஊர்க்காரர்கள் கைகளை மட்டும் விட்டுத்தரவில்லை. அந்தக் கைகள் இன்றும் அவர் பிறந்த ஊரில்தான் இருக்கின்றன.

பாவம் என்ற சொல்

பார்வையற்ற ஒருவரைப் பார்த்ததும் நம் வாயில் தானாக வரும் சொல், பாவம். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று இரக்கம். இன்னொன்று தீவினை. இரண்டையும் கலந்து, போன பிறவியில் என்ன பண்ணினாங்களோ என்று பிள்ளை முன்னாலேயே பேசும் பெரியவர்களை நான் கோயில் மண்டபத்திலேயே பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீங்க. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டு வளரும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கும்?

பெருமைப்படு என்றால் குறையைக் கொண்டாடுவதா என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். பிரெயிலின் வாழ்க்கையை வைத்து இப்படி யோசித்துப் பாருங்க. 1785-ல் பள்ளி தொடங்கியதிலிருந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு, நன்றாகப் பார்வை உள்ள, நன்றாகப் படித்த பெரியவர்கள் இந்தப் பிரச்சினையைச் சுமந்தார்கள். தீர்த்தது பதினைந்து வயதுப் பையன். அவன் விரலுக்குத் தெரிந்தது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பார்வை இல்லாததால் அவனுக்குக் கிடைத்த ஓர் அறிவு அது. அந்த அறிவைத்தான் பெருமை என்கிறேன்.

அது நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே வடிவம். தமிழில் 247 எழுத்தாச்சே, 63 வடிவம் எப்படிப் போதும்னு முதலில் எனக்கும் குழப்பம். பதில் தொல்காப்பியர் காலத்திலேயே இருக்கிறது: உயிரும் மெய்யும் சேர்ந்துதானே உயிர்மெய்? பிரெயிலில் அப்படியே பிரித்து எழுதுகிறார்கள். கெ என்பதை நாம் கொம்பை முன்னால் போட்டு எழுதுகிறோம். அங்கே க வடிவம் முதலில், எ வடிவம் அடுத்து. நாம் உச்சரிக்கும் வரிசையிலேயே எழுத்தும் வருகிறது.

அதே 1951-ல்தான் நம் நாட்டில் மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் தொடங்கியது. இடம், நமக்கெல்லாம் பூமாலைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பழகிப்போன அதே பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கே நடைபாதையில் மேடு மேடாக மஞ்சள் ஓடு பதித்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அழகுக்காகப் போட்டது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது காலாலும் தடியாலும் படிக்க வேண்டிய பாதை. தீபாவளிக்கு முந்தைய வாரம் அதன் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் நம் நாட்டில் 2008-லிருந்து இருக்கிறது. அந்த ஓட்டின் மேல் வண்டி நிறுத்தக்கூடாது என்பதற்குச் சட்டம்கூட வேண்டாம், கொஞ்சம் யோசித்தாலே போதும்.

மறுபடியும் அந்தப் புத்தகம்

இதையெல்லாம் படித்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. அடுத்த முகாமுக்கு அந்தத் தம்பிக்கு நானே பிரெயில் புத்தகம் செய்வேன் என்று கிளம்பினேன். அட்டவணையைப் பார்த்து, கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் முதல் பக்கத்தை எடுத்தேன். பார்க்க ரொம்ப அழகு. தெளிவாகத் தெரியட்டும் என்று புள்ளிகளைப் பெரிதாக, நல்ல இடைவெளி விட்டு வைத்திருந்தேன்.

தம்பி விரலை வைத்தான். சிரித்துவிட்டான். புள்ளி ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் இருக்கிறதாம். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இரண்டரை மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும். நான் அதைப்போல இரண்டு மடங்கு விட்டிருந்தேன். விரல் நுனியில் அடங்கவில்லை. தெளிவாகத் தெரியட்டும் என்று நான் நினைத்தது என் கண்ணுக்கு. இருநூறு ஆண்டுக்கு முன்னால் ஹாவி செய்ததை நான் பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறேன்!

அதற்கப்புறம் வேலையை அவனிடமே விட்டோம். அவனிடம் எழுதும் சட்டமும் குத்தூசியும் இருந்தன. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வரி வரியாகச் சொல்லச் சொல்ல, அவன் குத்தினான். ஆறு வெள்ளிக்கிழமை ஆனது. நடுவில் நிறுத்தி, இந்தச் சொல் தப்பா இருக்கே என்பான். பார்த்தால், போன ஆண்டு நான் அச்சடித்த புத்தகத்திலேயே பிழை. அறுபது பேர் கண்ணால் பார்த்தும் யாரும் கவனிக்காதது. இந்த ஆண்டுப் புத்தகத்துக்குப் பிழை திருத்தியவன் அவன்தான். தயாரிப்புக் குழுவில் அவன் பெயர் மையிலும் இருக்கிறது, புள்ளியிலும் இருக்கிறது.

சென்ற மாத முகாமில் புத்தகம் கொடுத்தபோது இந்த முறை அவன் கை நீட்டுவதற்கு முன்பே அவன் பிரதியைக் கொடுத்தேன். என் பேரையும் போட்டிருக்கியா என்று கேட்டேன். போட்டிருக்கேண்ணா என்றான். எங்கே என்றேன். என் விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தான். தடவிப் பார்த்தேன். மேடு மேடாக ஏதோ இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். இதுவரை நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். நான் முதல் பத்து எழுத்தைத் தாண்டவில்லை. ஜனவரி 4, லூயி பிரெயிலின் பிறந்தநாள், உலகப் பிரெயில் தினம். விருப்பம் உள்ளவர்கள் வாங்க. கண்ணை மூடிக்கொண்டு உட்காரணும், அது ஒன்றுதான் நிபந்தனை. வாத்தியார் கொஞ்சம் கண்டிப்பானவர்.